தேவாசீர்வாதம் சார் ஆயத்தமாகிறார்

ஆயத்தக்காரரைச் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாவம், மனம் நொந்துபோவார். எங்கள் சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டுகிற கைகளுக்கு அடுத்தபடியாக ஓயாமல் உழைக்கிறவர் அவர்தான். காலையில் எழுந்தது முதல் ஒரு வேலையைத் தொடங்குவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் தேடி, வாங்கி, துடைத்து, அடுக்கி, அடுக்கியது சரியில்லை என்று கலைத்து, மறுபடி அடுக்கி, கடைசியில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். தொடங்குவது ஒன்றுதான் பாக்கி. அது என்ன பெரிய காரியம்?

கடிதம் எழுத உட்கார்ந்தால் பேனாவைக் கழுவுவார். வேதம் வாசிக்க உட்கார்ந்தால் கண்ணாடியைத் துடைப்பார். கொல்லையில் கத்தரி போடப் புறப்பட்ட ஒருவர், மண்வெட்டிக்குப் பிடி மாற்ற மல்லாங்கிணறு வரை பஸ்ஸில் போய் வந்தது எனக்குத் தெரியும். பிடி அருமையான பிடி. கத்தரியைத்தான் இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த ஒருவரே எங்கள் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் தேவாசீர்வாதம் சார். இந்த இனத்தில் அவரைவிடத் தேர்ந்த ஆளை நான் கண்டதில்லை.

வீசையும் பலமும் போய்க் கிலோ வந்து, கடைக்காரரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு மாசி மாதத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் இசபெல், சார் வீட்டுக்கு வந்தார். அப்போது நானும் அங்கேதான் இருந்தேன்.

"சார், பட்டாசுக் கம்பெனியில தீப்பட்டு எங்ககிட்ட வாறவுக முக்காவாசிப் பேரு மத்தியானத்துலதான் வாறாக. அந்த வெக்கையில வெடிமருந்து கலக்குறதுதான் காரணம்னு சொன்னா, முதலாளிமாரு 'அது உங்க நெனப்பு சிஸ்டர்'ங்காக. பங்குனி கடைசியில அவுக சங்கக் கூட்டம் வருது. கீழ மணி, மேல ஆளுன்னு ஒரு கிராப் போட்டுக் குடுங்க. உச்சிக்கு மேல கோடு எப்படி எகிறுதுன்னு கண்ணால பாக்கட்டும். நான் போட்டா நர்ஸ் கிறுக்குனதும்பாக. கணக்கு வாத்தியார் போட்டா மறுக்க மாட்டாக. மத்தியானம் கலக்குறத நிறுத்திட்டாகன்னா, இந்தச் சித்திரையில எம்புட்டுப் பேரு கை தப்பும்!"

யார் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதையும் வரிசையாக எழுதியே கொண்டுவந்திருந்தார். இனி என்ன வேண்டும்? ஒரு தாள், ஒரு பென்சில். நாலாம் பாரத்துப் பையன்களுக்கு சார் வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது.

சார் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. ஆயத்தக்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

"சிஸ்டர், இது கர்த்தர் குடுத்த வேலை. இத ஏனோதானோன்னு செய்யப்படாது. எதுக்கும் ஒரு முறை இருக்குல்லா?" என்றார்.

முறை மறுநாளே ஆரம்பித்தது. இஸ்திரி போடுகிற மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுந்தது. கை நிழல் தாளில் படும் என்று எதிர்ச்சுவருக்கு மாற்றினார். அங்கே மேஜை ஆடியது. அட்டை மடித்துக் காலுக்குக் கொடுத்தார். அப்புறமும் மனசு ஆறாமல் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். குமிழ் நடுவில் நிற்கவில்லை. சார் தரையைப் பார்த்தார். கொத்தனாரை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"படத்த தாள்லதான வரையப் போறீக?" என்று கேட்டார் அவர் மனைவி ஞானபூரணி, கொத்திப்போட்ட தரையில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டே. "அது என்ன தண்ணியா, ஒரு பக்கமா வழிஞ்சு ஓடுறதுக்கு?"

தரை சரியானது. தாள் வந்தது, மதுரையிலிருந்து. கட்டமெல்லாம் அங்குலக் கணக்கு. சார் புதிதாக வாங்கிய அடிக்கோலோ சென்டிமீட்டர். இரண்டும் ஒத்துப்போகவில்லை. "கட்டம்தான் தாள்லயே இருக்கே சார், எண்ணிக்கிட்டுப் போனாப் போதாதா, அடிக்கோல் எதுக்கு?" என்று கேட்டேன். ஜாமெட்ரியில் தோற்ற பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அங்குல அடிக்கோலுக்காக விருதுநகர் போனார். அங்கே நல்ல சிவப்பு மை ஒன்று கண்ணில் பட்டது. அந்த மை இந்தத் தாளில் ஊறியது. மைக்கு ஏற்ற தாளைத் தேடினார். அந்தத் தாளைக் கிழிக்காத நிப்பைத் தேடினார். அந்த நிப்பு நிற்கிற பேனாக் கட்டையைத் தேடினார். கட்டை கிடைத்தபோது கடையில் அந்த மை தீர்ந்துபோயிருந்தது. இத்தனைக்கும் நடுவில் முகத்தில் என்ன தெளிவு, என்ன ஆனந்தம்! வழியில் யாராவது "படம் என்னாச்சு சார்?" என்று கேட்டால் நின்று நிதானமாகப் பதில் சொல்வார். "அநேகமா முடிஞ்ச மாதிரிதான். கோடு மட்டுந்தான் போடணும்."

ஒருநாள் சாருக்கு ஞானோதயம் ஏற்பட்டது. அச்சாபீஸ் ஊரில் இருந்துகொண்டு யாராவது தாளுக்கு வெளியூர் போவார்களா? தனக்கு வேண்டிய அளவில், வேண்டிய வழவழப்பில், கட்டம் போட்டு அடித்துத் தரும்படி மாதிரி வரைந்து ஆர்டர் கொடுத்தார். கட்டுப் பிரித்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். தாள் கண்ணாடிபோல் இருந்தது. கோடுகள் மயிரிழை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்.

"என்னப்பா பெத்தணன் இது?" என்றார் சார்.

அச்சாபீஸ் போர்மேன் பெத்தணன் பெருமையாகச் சிரித்தார். "கட்டம் எல்லாம் காலியாக் கெடந்துச்சு சார். அவசரத்துல தேதி போட மறந்துட்டீகன்னு நாங்களே போட்டுட்டோம். அமாவாசை, கார்த்திகை எல்லாம் செவப்புல இருக்கு பாருங்க. மாசம் முடிஞ்சும் கட்டம் மிஞ்சுச்சு, அடுத்த மாசத்தையும் போட்டோம். அப்பயும் மிஞ்சுச்சு. ஏழெட்டு வருசத்துக்கு உங்களுக்குக் கவலையில்ல. மேல சாமி படத்துக்கு இடம் விட்டிருக்கு. ஏசுவா, மாதாவான்னு மட்டும் சொல்லிருங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? சிவகாசியில் காலிக் கட்டம் என்றால் அது தேதிக்காகத்தான் காத்திருக்கும். வேறு எதற்காகவும் ஒருவர் கட்டம் போடுவார் என்று இந்த ஊரில் எவருக்குத் தோன்றும்?

சார் கோபப்படவில்லை. திரும்ப அடிக்கச் சொன்னார். அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை நான் பார்த்தேன்.

சுத்தமான தாள் வந்து சேர்ந்தபோது பங்குனி முடியும் தறுவாயில் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் இசபெல் வந்தார். மேஜைமேல் தாள் விரித்திருந்தது. 'தீப்புண் நேர விளக்கப்படம்' என்று தலைப்பு, கோயில் கோபுரம்போல் நிமிர்ந்த எழுத்தில். கீழே மணிகள், பக்கத்தில் எண்கள். நடுவில் வெள்ளை.

"கோடு எங்க சார்?"

"அது அஞ்சு நிமிச வேலை சிஸ்டர்."

"அப்ப அந்த அஞ்சு நிமிசத்த இப்பயே போடுங்க. பென்சில்லயே போடுங்க. நான் இங்கனயே நிக்கேன்."

"பென்சில்லயா!" சார் அதிர்ந்துபோனார். "செவப்பு மை வெள்ளிக்கிழமை வந்துரும் சிஸ்டர். இம்புட்டுச் செஞ்சிட்டு, கடைசியில பென்சில்ல கிறுக்கவா?"

கூட்டத்துக்கு இசபெல் வெறுங்கையோடு போனார். எழுந்து நின்று நேரங்களை வாயால் வாசித்தார். எம். புதுப்பட்டியில் கம்பெனி வைத்திருக்கிற வெள்ளைத்துரை முதலாளி பொறுமையாகக் கேட்டார். விவரமான மனுஷர்.

"தேவாசீர்வாதம் சார் இதுக்குன்னே படம் போட்டுக்கிட்டு இருக்காகளாமே, நல்ல காரியம். படம் வரட்டும். வந்ததும் எல்லாரும் பாத்துட்டு முடிவு செய்வோம். அதுக்கு முன்னால அவசரப்பட்டு ஏதாச்சும் செஞ்சா, சாரோட உழைப்புக்கு நம்ம குடுக்குற மரியாதை என்ன? அதுவரைக்கும் சீசன் ஆர்டர் பாட்டுக்கு நடக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். சாருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானமே போட்டார்கள். முடிந்த படம் எங்கள் ஊர் முதலாளிமாருக்குப் பெரிய தொந்தரவு. முடியாத படத்தைப்போல் வசதியான பொருள் உலகத்தில் வேறெதுவும் இல்லை. கடைத்தெருவில் இதைக் கேள்விப்பட்ட சார், அன்று வீட்டுக்குத் தரையில் கால் பாவாமல் வந்தார். தன் படத்துக்காக ஊரே காத்திருக்கும்போது, அதை லேசான வேலையாகச் செய்துவிட முடியுமா? படத்தை ஒட்டி நிறுத்தப் பெரிய பலகைக்குச் சொல்லிவிட்டார்.

சித்திரை வந்தது. ஒரு மத்தியானம் வெள்ளைத்துரை கம்பெனியின் மருந்துக் கொட்டகை எரிந்தது. அங்கே மருந்து கலக்குகிற குருவம்மாளைத் தட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்த இடத்தைக் கேலியாக எழுத எனக்குக் கை வரவில்லை. நான் அந்த வண்டியைப் பார்த்தவன்.

பொழுது சாய்ந்ததும் இசபெல் ஆஸ்பத்திரி உடுப்போடேயே சார் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"குருவம்மாளுக்கு வலது கையை எடுத்தாச்சு சார். கொண்டாந்தப்ப மத்தியானம் ரெண்டு மணி."

சார் அழுதார். வாய்விட்டு அழுதார். ஞானபூரணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் இரண்டு மணி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து மேலே, மேலே நகர்த்தினார். விரல் தாளின் விளிம்பைத் தாண்டியது.

"ரெண்டு மணிக்கு ஏற்கெனவே ஆளு உச்சிவரைக்கும் இருக்காக. இந்த ஒரு ஆளையும் சேக்க இடம் பத்தாதே, சிஸ்டர்" என்றார் மூக்கை உறிஞ்சியபடி. "தாளு இன்னும் ஒரு சாண் ஒசரமா வேணும். நாளைக்கே பெத்தணன்ட்ட சொல்லிருதேன்."

இசபெல் வாசலுக்குத் திரும்பினார். குருவம்மாள் கிடந்த ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்.

சே, இப்படியும் ஒரு மனுஷனா என்று பல்லைக் கடிக்கிறீர்கள். நியாயம்தான். நீங்கள் அந்த ரகம் இல்லை. உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களிடமும் யாரோ ஒருவர் ஒரு காரியத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், அதையும் நீங்கள் மறக்கவில்லை. இந்த ஒன்றைப் படித்துவிட்டுத் தொடங்கலாம் என்றுதானே இதைக் கையில் எடுத்தீர்கள்? படித்தாயிற்று. தொடங்குங்கள். அடடா, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பென்சில் சீவவா?