ஒளித்து வைத்த பழுது

விமானத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்த சந்தேகத்துக்கு, பக்கத்தில் வந்து நின்ற பளபளப்பான இரண்டு ஷூக்கள் மட்டும்தான் தெரிந்தன. ஷூக்களுக்கு உரியவர் குனிந்து கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"தேடுங்க, தேடுங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் தேர்வாளர், அவசரமாக.

சந்தேகம் என்பது அவனுடைய பெயர் இல்லை. மனைவி வைத்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். பிறகு, இழுத்த இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் வருவான். ஒருநாள் அவள் விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டு, "சந்தேகத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பள்ளி முழுக்க அவன் சந்தேகம்தான்.

அப்பேர்ப்பட்டவனே போன முறை கமர்ஷியல் லைசென்ஸ் தேர்வில் கோட்டை விட்டான். இந்தத் தேர்வாளருக்கு ஒரு பழக்கம். தேர்வுக்கு முதல்நாள் மாலையே வந்து, ஆளில்லாத நேரம் பார்த்து, விமானத்தில் எங்கேயாவது ஒரு சின்னப் பழுதைத் தம் கையாலேயே செய்து வைத்துவிட்டுப் போவார். கிளம்புவதற்கு முன் செய்யும் சோதனையில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் ஏறி உட்கார்ந்தால், பெல்ட்டை மாட்டும்போதே "இறங்குங்க தம்பி" என்பார். போன முறை பெட்ரோல் மூடிக்குள் இருக்கவேண்டிய ரப்பர் வளையத்தைக் காணவில்லை. அதை அவர் மோதிரம் போல விரலில் போட்டுக்கொண்டு, காலையில் அவனோடு கை வேறு குலுக்கியிருந்தார்.

ஆகவே இன்று முதல் வேலையாக அவருடைய விரல்களைத்தான் பார்த்தான். வெறும் விரல்கள்.

இந்த முறையும் தோற்றால் தொலைந்தது. மலைக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு மருந்துப் பெட்டிகள் கொண்டுபோகும் கம்பெனி ஒன்று, திங்கட்கிழமை வரை விமானி வேலையை அவனுக்காக வைத்திருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. அதிலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும், தேர்வு நடக்காது.

ஏழு மணியிலிருந்து தேடுகிறான். டயர், விளக்கு, இறக்கை மூட்டுகள், எண்ணெய். பெட்ரோல் மூடியை மட்டும் நாலு தடவை. சீட்டுக்குக் கீழே கைவிட்டு, முழங்கை நீளச் சிவப்புத் தீயணைப்பானைக் கழற்றி, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, கையில் தூக்கி எடை பார்த்து, திரும்ப மாட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

"மெக்கானிக் அண்ணே, இறக்கைக்குப் பின்னோரத்துல இருக்கிற இந்த மடிப்பு லேசா ஆடுது."

"அது ஆடணும். ஆடலேன்னாதான் பழுது."

"எவ்வளவு ஆடணும்?"

"இப்ப ஆடுதே, அவ்வளவு."

தேர்வாளர் இடையில் புகுந்தார். "எதுக்கும் கழட்டிப் பாத்துடலாமே?"

மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பழுதை வைத்தவரே இப்படி எடுத்துக் கொடுத்தால் அப்புறம் என்ன தேர்வு? ஆனால் சந்தேகத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது அவனைத் திசைதிருப்பும் தந்திரம். பழுது மடிப்பில் இல்லை. அப்படியானால் இன்ஜினில்!

இன்ஜின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே, ஒரு குழாய்க்கும் இன்னொரு குழாய்க்கும் நடுவே, ஒரு ஸ்பேனர் சுகமாகப் படுத்திருந்தது.

"சார்! கிடைச்சிடுச்சு!"

தேர்வாளர் ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இதுவா? இதுவா இருக்குமோ?" ஸ்பேனரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் மெல்ல அணைந்தது. "ம்ஹூம். நான் ஸ்பேனரெல்லாம் தொடறதே இல்ல."

"அப்ப இது பழுது இல்லையா சார்?"

"பழுதுதான். ஆனா என்னோடது இல்ல."

மெக்கானிக் மட்டும் அதைக் கையில் வாங்கி, "மூணு மாசமா இதைத் தேடிட்டிருந்தேன்" என்று சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

பத்தரை மணிக்குத் தேர்வாளரின் போன் அடித்தது. "இல்லம்மா... சிவப்பு ஃபிளாஸ்க்தானே? எனக்கென்ன தெரியும்? நானே காலைல இருந்து ஒரு வாய் காபி இல்லாம இங்க தவிச்சிட்டிருக்கேன். அங்கயே நல்லாத் தேடு." போனை வைத்துவிட்டு, சட்டை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் சந்தேகத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, அவரும் விமானத்தின் வயிற்றை நோட்டம் விட்டார்.

'நாம எங்க பாக்குறோம்னு நம்ம கண்ணையே கவனிக்கிறாரு மனுஷன்' என்று நினைத்துக்கொண்ட சந்தேகம், கண்ணை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தான்.

பதினொன்றரைக்குச் சீட்டுகள் வெளியே வந்தன. பிறகு தரை விரிப்பு. பிறகு கதவு ஒன்று. ஒவ்வொன்றையும் கழற்றும்போது ஏற்கெனவே சரியாக இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அதை இறுக்கப் போனால் இன்னொன்று கையோடு வந்தது.

"இன்னும் சக்கரத்தையும் கழட்டிட்டா, எடைக்குப் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக்.

சந்தேகத்தின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க ஆச்சு?"

"நூத்தம்பது இடம் பாத்தாச்சு. கிடைக்கல."

"கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு சொல்லுங்க. தெரியலேன்னு என்கிட்டதான் ஒத்துக்கமாட்டீங்க, அவர்கிட்டயுமா?"

"சொன்னா ஃபெயில்."

"சொல்லாம ஏறினா?"

அவன் போனை வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, தேர்வாளர் முன்னால் போய் நின்றான்.

"சார், என்னால கண்டுபிடிக்க முடியல. ஆனா இதுல ஏதோ இருக்கு. அது என்னன்னு தெரியாம நான் ஏறமாட்டேன். உங்களையும் ஏத்தமாட்டேன். ஃபெயில் போட்டுக்குங்க."

தேர்வாளர் அவனையே பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். அடுத்த கணம், கிரீஸ் படிந்த சட்டையோடு அவனைக் கட்டிக்கொண்டார்.

"இதைத்தான்யா நான் எதிர்பார்த்தேன்! பறக்கத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர். பறக்கமாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் விமானி. இந்தப் பகுதியில நீங்க பாஸ்!"

சந்தேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக், "அப்ப இதையெல்லாம் யார் மாட்டறது?" என்று கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பழுது எங்க சார் இருந்துச்சு?"

"அதை... அதையெல்லாம் சொல்லக்கூடாது. அடுத்து வர்ற ஆளுக்கு வேணும்ல?"

அந்த நேரம் பார்த்து, காலையில் வேறொரு மாணவனோடு போயிருந்த பள்ளியின் இன்னொரு விமானம் வந்து இறங்கியது. இரட்டைப் பிள்ளை போல அதே வெள்ளை, அதே நீலக் கோடு. நேற்று மாலை இரண்டும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகத்தான் நின்றிருந்தன.

"அதுல பறப்போம். வாங்க" என்றார் தேர்வாளர்.

"அதுலயும் எதையாவது...?"

"சத்தியமா இல்ல! அதுல நான் கையே வைக்கல."

சந்தேகம் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒருவர் சொன்னதை அப்படியே நம்பினான். நம்புவது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. சோதனைப் பட்டியலில் பேனா பறந்தது. எண்ணெய், டிக். விளக்கு, டிக். சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தான், தீயணைப்பான், டிக்.

மேலே போனதும் எல்லாம் கைக்கு வந்தது. ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து வட்டமடித்தான். உயரம் ஒரு அடிகூடக் குறையவில்லை. தேர்வாளர் திடீரென்று இன்ஜின் வேகத்தைக் குறைத்தபோது, பதறாமல் கீழே ஒரு வெட்டவெளியைத் தேர்ந்து காட்டினான். இரண்டாவது வட்டத்தின் நடுவில் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"எங்கேயோ காபி வாசனை அடிக்குதே?"

கவனத்தைக் கலைக்கும் சோதனை! இதைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறான்.

"எனக்கு எந்த வாசனையும் வரல சார். என் கவனம் பறக்கறதுலதான் இருக்கு."

"சபாஷ்" என்றார் தேர்வாளர். ஆனாலும் இன்னும் இரண்டு முறை, ஏக்கத்தோடு, மூக்கை உறிஞ்சினார்.

ஓடுபாதையில் அவர் சொன்ன கோட்டிலேயே சக்கரத்தை வைத்தான்.

அலுவலக அறையில் தேர்வாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். சந்தேகம் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினான். மனைவிக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம். பிறகு, "பேர் சரியா இருக்கான்னு பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்கல" என்றான் அவன் பெருமையாக. "இனிமே அப்படித்தான்."

"என் சர்வீஸ்லயே, இவ்வளவு நுணுக்கமா சோதனை பண்ற ஆளை நான் பாத்ததில்ல" என்று தேர்வாளர் பள்ளி மேலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது, வந்து இறங்கும் விமானங்களைத் துடைக்கும் அம்மாள் ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்றாள்.

"சார், இப்ப நீங்க ரெண்டு பேரும் இறங்கி வந்த விமானத்துல, சீட்டுக்குக் கீழ தீயணைக்கிற சிலிண்டர்ல இருந்து காபி ஒழுகுது, துடைச்சிடவா, இல்ல அதுவும் பரீட்சையா?"