ஆஸ்திரேலியா சரக்கு

கம்ப்யூட்டர் படித்த பெண்ணிடம் கல்யாண ஏற்பாட்டை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

வில்லாபுரத்தில் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள் அது. மாப்பிள்ளையை அவளுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. (வாயால் சொல்லவில்லை; ஆனால் ஒரு மாதமாக என்னோடு சண்டை போடவில்லை.) எதுவும் தப்பக் கூடாது என்று எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டமிட்டேன். கேசரி, நாற்காலி, ப்ளூடூத் ஸ்பீக்கரில் மெல்லிய நாதஸ்வரம், வாசலில் ஒரு பூச்செடி.

செடி, பாட்டில் பிரஷ். ஆஸ்திரேலியாதான் அதற்குச் சொந்த ஊர். புட்டி கழுவும் பிரஷ்ஷைச் சிவப்புச் சாயத்தில் முக்கியெடுத்தது போலப் பூக்கும். வண்டியூர் நர்சரி அண்ணன் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார். அவருக்கு அது வெறும் 'பாட்டில்'.

செடி வருவதற்கு முன்பே சோழவந்தானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததுமே, "எங்க வீட்டுக்குள்ள சோடா பாட்டில்கூட வராதுங்க. அம்புட்டு கட்டுப்பாடு" என்றார். அக்கா காபித் தட்டை நீட்டி, "எடுத்துக்கங்கய்யா" என்றாள்.

என் போன் அடித்தது. எடுத்தேன். நாதஸ்வரம் நின்றது, ஸ்பீக்கரில் நர்சரி அண்ணன் முழங்கினார்.

"பாப்பா, நீ கேட்ட பாட்டில் வந்துருச்சு! அசல் ஆஸ்திரேலியா சரக்கு! முன்னாடி கார் நிக்குது, கொல்லைப்பக்கமா வாரேன். அப்பாவ வரச் சொல்லு, அவருக்குத்தான் பிடிச்சு எறக்கிப் பழக்கம்!"

பதறி எதையோ அழுத்தினேன். சத்தம் கூடியது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறி எழுந்தார்.

"அய்யா, அது கொய்யா குடும்பம்..." என்று தாவரவியலில் இறங்கினேன்.

"எந்தக் குடும்பம்னு தெரிஞ்சுபோச்சும்மா!"

அக்காதான் ஓடிப்போய் வாசலை மறித்தாள். "மாமா, போகாதீங்க மாமா! அது பூச்செடி!"

மாப்பிள்ளையின் அம்மா நிதானமாகக் கேட்டார்: "இப்பத்தான அய்யான்ன? அதுக்குள்ள மாமாவா, ஆத்தா?"

அந்த நேரம் பார்த்து நர்சரி அண்ணன் செடியோடு உள்ளே வந்தார். அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பூ வெளிறித் தெரிந்தது. மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தார்: "அப்பா, மருமக சொல்றாள்ல. உக்காருங்க."

கல்யாணம் முடிந்து போகும்போது மாமா அந்தச் செடியையும் கேட்டு வாங்கிப் போனார். இப்போது சோழவந்தானில் அவர் வீட்டுக்கு 'பாட்டில் வீடு' என்றே பெயர். பொழுது சாய்ந்தால் முன்பின் தெரியாத ஆள் யாராவது கேட்டைத் தட்டி, "அண்ணே, இங்க கிடைக்கும்னாங்க..." என்று தலையைச் சொறிகிறார்களாம். மாமா ஒரு பூவை ஒடித்துக் கையில் கொடுத்து அனுப்புகிறார்.