ஆர்மோனியத்தின் ஜீப்பும் மட்கார்டில் வந்த சாமியும்

ஆர்மோனியத்தைப் போல ஒரு பிடிவாதக்காரரைக் கடவுள் இன்னொரு தடவை செய்யத் துணிந்திருக்க மாட்டார். ஒன்றைச் செய்ததிலேயே அவருக்குப் போதும் போதும் என்றாகியிருக்கும்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் போல ஆகியிருந்த சமயம். நான் ஆவூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஆர்மோனியம் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கோயிலில் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பார் என்பதால் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, கொஞ்சம் கடலைக் கொல்லை இருந்தது, பேச்சில் யாரையும் ஜெயிக்க விட மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் திருச்சிக்குப் போய், யுத்தத்தில் அடிபட்டுக் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆவூரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஓடும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. ஒரு சின்னக் கல்லில் ஏறினால் போதும், எதிரே கண்மாய்க் கரை வரும்வரை குதித்துக்கொண்டே போகும். பங்குச் சாமியாரை ஒரு முறை மாத்தூருக்கு ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சாமி நடந்து வந்தார். கேட்டதற்கு, "ஒடம்புக்கு நடக்குறது நல்லதுப்பா" என்று மட்டும் சொன்னார். நான் ஒரே ஒரு தடவை ஏறினேன். கூரைக் கம்பியில் இடித்து மண்டையில் எழும்பிய புடைப்பு வற்ற ஒரு வாரம் பிடித்தது.

கீரனூரில் ஒரு பட்டறைக்காரரிடம் வண்டியைக் காட்டினார். அந்த மனிதர் பம்பரை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். ஜீப் மேலும் கீழுமாக ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. "குலுக்கலைத் தாங்குற சாக்கப்சர் நாலும் செத்துப் போச்சு. மாத்துனாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஜீப்புன்னா ஆடத்தான் செய்யும். ஆடாம போகணும்னா நடந்து போங்கய்யா" என்றார்.

அவ்வளவுதான். ஆர்மோனியத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே என் வண்டி மேல வெளியாள் கை படக் கூடாது. எல்லாம் வீட்லதான்" என்று அங்கேயே சபதம் போட்டுவிட்டு, குதித்துக் குதித்து ஊர் வந்து சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் அப்போது வேறு கவலை. என் மனைவி புஷ்பம் மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது கலைந்தது மாட்டு வண்டியில் வரும்போது. வண்டிக் குலுக்கல்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, புஷ்பம்தான் சொன்னாள். ஆனால் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும், "அடுத்த தடவை எட்டு மாசம் முடியறப்பவே இங்க வந்து படுத்துறணும். வர்றப்ப அலுங்காம குலுங்காம வரணும்" என்று சொல்லியிருந்தார். ஆவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு அலுங்காமல் குலுங்காமல் வருவதா? சரளைக்கல் ரோட்டில் மாட்டு வண்டியும் குலுக்கும், பஸ்ஸும் குலுக்கும். மாதம் ஏற ஏறப் புஷ்பத்துக்கு முகத்தில் சிரிப்பே இல்லாமல் போயிற்று. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடுகூடத் தப்பியது.

இது எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஆர்மோனியம் வந்து வாசலில் நின்றார்.

"வாத்தியாரே, ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோயி விடுறேன்."

உள்ளேயிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது. "அந்த வண்டியிலயா? அதுக்கு நான் தவழ்ந்தே போயிருவேன்."

வேறு ஆளாக இருந்தால் முகம் சுருங்கித் திரும்பியிருப்பார். ஆர்மோனியம் அசையவில்லை. "வாத்தியாரம்மா, ஒரு மாசம் டயம் குடுங்க. நாலு சாக்கப்சரையும் மாத்திப்புடுறேன். தூங்கிக்கிட்டே போகலாம். கண்ணு முழிச்சா புதுக்கோட்டை" என்றார்.

"நீங்க மாத்துவீங்களா? தெரியுமா ஒங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"என்ன வாத்தியாரே இப்படிக் கேட்டுப்புட்டீங்க? ஆர்மோனியத்துல துருத்தி இருக்குல்ல? அமுக்குனா மெல்ல மெல்லத்தானே எந்திரிக்குது? காத்து ஓடிப் போகாமப் புடிச்சு வெச்சிருக்கு. சாக்கப்சரும் அதே சமாச்சாரம்தான். காத்துக்குப் பதிலா எண்ணெய். முப்பது வருஷமா துருத்தி ஒட்டுறவன் நான்."

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அவர் சொல்வதெல்லாம் கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும்.

முதல் வேலையாகப் பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றாமலே மேலே துளை போட்டு, உள்ளே விளக்கெண்ணெய் ஊற்றுவது என்று முடிவு செய்தார். கெட்டியான எண்ணெய்தானே வேண்டும், விளக்கெண்ணெயைவிடக் கெட்டி எது என்றார். கடைக்காரர் செல்லையாவிடம் இருந்த விளக்கெண்ணெய் முழுவதையும் வாங்கிவிட்டார். ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளைப் பிடித்து, மூக்கைப் பொத்தி, வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் புகட்டுவது வழக்கம். அந்த ஞாயிறு தாய்மார்கள் கடைக்குப் போனால் ஒரு சொட்டு இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் ஆர்மோனியத்தைத் தெருவில் கண்டால் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த எண்ணெய் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கண்மாய் வரை ஓட்டிவிட்டு வருவதற்குள் அத்தனையும் ரோட்டில் ஒழுகி, ஊருக்கு நடுவே கோடு போட்டுவிட்டது. அதில் வழுக்கி முதலில் விழுந்தவர் செல்லையா.

"என் எண்ணெயை வாங்கி என்னையவே விழுத்தாட்டிப்புட்டீரேய்யா!" என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். தூக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. அவ்வளவு கனமான மனிதர்.

பிறகு ஆர்மோனியம் வழிக்கு வந்தார். திருச்சியில் சொல்லி வைத்து, நாலு புது ஷாக் அப்சார்பர் பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது. நேரே வீட்டுக்குக் கொண்டுபோனாரா? இல்லை. கோயிலுக்குப் போய் சாமியார் முன்னால் வரிசையாகப் படுக்க வைத்தார்.

"சாமி, மந்திரிச்சுக் குடுங்க."

"வண்டி வாங்குனா மந்திரிப்பாங்க. சாமானை எல்லாம் யாருய்யா மந்திரிக்கச் சொல்லுவா?"

"வண்டிக்கு ஒடம்பு நல்லாருக்கு சாமி, காலுதான் சரியில்ல. காலுக்கு மட்டும் மந்திரிங்க."

சாமி பெருமூச்சு விட்டுவிட்டுத் தீர்த்தம் தெளித்தார். வேறு என்ன செய்வார்? வாதாடிக்கொண்டிருந்தால் மாலைப் பூசைக்கு நேரமாகிவிடும்.

சனிக்கிழமை காலை ஆர்மோனியத்தின் வீட்டு முற்றத்தில் வேலை ஆரம்பித்தது. ஜாக்கி கிடையாது. ஒரு நீளமான வேப்பங்கட்டையை அச்சுக்குக் கீழே கொடுத்து நெம்பித் தூக்கி, கவிழ்த்த உரல்களை முட்டுக் கொடுத்தார். இதற்காகத் தெருவில் இருந்த உரலையெல்லாம் உருட்டிக்கொண்டு போயிருந்தார். மாவிடிக்க உரல் கேட்டுப் போன பெண்களிடம், "கொஞ்சம் பொறுங்கம்மா, வண்டி நிக்குதுல்ல" என்றார். துருப்பிடித்த நட்டுகள் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, கெஞ்சி, திட்டி, கடைசியில் மோட்சத்துக்குக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஆத்துமாக்களை எல்லாம் துணைக்குக் கூப்பிட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழன்றன. பொழுது சாய்வதற்குள் பின்பக்கம் இரண்டும் புதுசு மாட்டியாகிவிட்டது. முன்பக்கத்துப் பழசுகளைக் கழற்றிக் கடாசிவிட்டார். புதுசை மாட்டப் பார்த்தால், அதன் புஷ் என்கிற ரப்பர் வளையம் ஆணியில் நுழையவில்லை. "திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்று கையைக் கழுவினார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "வலிக்குதுங்க" என்றாள். எட்டு மாதம் முடியவில்லை. "இதுவும் போயிருமா?" என்று கேட்டாள்.  தெருவைப் பார்க்க ஓடினேன்.

ஆர்மோனியம் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முற்றத்துக்கு ஓடினார். முன்பக்கம் ஷாக் அப்சார்பரே இல்லாத ஜீப், உரல்கள்மேல் நின்றுகொண்டிருந்தது. முன் மட்கார்டை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த பிடிவாதம் விழித்துக்கொண்டது.

"வெறும் வண்டிதான் குதிக்கும். பாரம் ஏத்துனா அடங்கும். பின்பக்கம் கவலையில்ல. முன்பக்கத்துக்குப் பாரம் வேணும். ஊர்ல கனமான ஆளு யாரு?"

அதற்குள் சாமியார், செல்லையா என்று தெருவே கூடியிருந்தது. எல்லாரும் செல்லையாவைப் பார்த்தார்கள். செல்லையா பங்குச் சாமியாரைப் பார்த்தார்.

இரண்டு பேரில் யார் கனம் என்பது ஊரில் ரொம்ப நாளாக இருந்த வழக்கு. ஜீப்பை நெம்பி உரல்களிலிருந்து இறக்கி ரோட்டுக்குத் தள்ளினோம். "சாமி, நீங்க இங்கிட்டு மட்கார்டுல ஏறுங்க. செல்லையாண்ணே, நீங்க அங்கிட்டு" என்றார் ஆர்மோனியம்.  சாமி வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதியோடு செல்லையா அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சிவன் கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர்கள் போல இருந்தார்கள். ஜீப்பின் மூக்கு சட்டென்று தாழ்ந்தது. முன் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே புஷ்பத்தை உட்கார வைத்து, பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காளை ஏற்றினோம். நானும் ஏறப் போனேன்.

"நீங்க எதுக்கு? எடைக்கு ஆக மாட்டீங்க. சைக்கிள எடுத்துக்கிட்டு முன்னால போங்க. பள்ளம் வந்தா கையத் தூக்குங்க" என்று விரட்டினார்.

அப்படியாகக் கிளம்பியது எங்கள் ஊர்வலம். முன்னால் சைக்கிளில் நான், பின்னால் நடை வேகத்தில் ஜீப். நான் கையைத் தூக்கும்போதெல்லாம் ஆர்மோனியம் வண்டியைத் தடவிக் கொடுப்பது போல ஓட்டுவார். ஒரு பக்கத்தில் சாமி ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். மறு பக்கத்தில் செல்லையா, "விராலிமலை முருகா, விராலிமலை முருகா" என்றார். பாக்கியம் அக்காள் இரண்டுக்கும் சேர்த்து ஆமென் போட்டாள். கீரனூருக்கு முன்னால் ஒரு பாலத்தில் ஏறும்போது வண்டி ஒரு துள்ளு துள்ளிவிட்டது. சாமியும் செல்லையாவும் ஒரே நேரத்தில், "அய்யோ அம்மா!" என்று அலறிக்கொண்டு பானெட்டின் மேல் குறுக்கே கையை நீட்டி ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

 சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால், புஷ்பம் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்கய்யா, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதமாகியிருந்தது! ரோடு என்றும் பாராமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்மோனியம் மட்டும் முகத்தைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

கீரனூருக்கு மேல் தார் ரோடு என்பதால், அங்கே சைக்கிளைத் தெரிந்தவர் வீட்டில் போட்டுவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் வழியை மறித்தாள். மட்கார்டில் இருந்து இறங்கிய இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் வரக் கூடாது. சொந்தக்காரங்க மட்டும் வாங்க" என்றாள். பிறகு கையெல்லாம் கிரீஸோடு நின்ற ஆர்மோனியத்திடம், "நீங்க யாரு, டிரைவரா?" என்று கேட்டாள்.

எப்போதும் பதில் வைத்திருக்கும் மனிதர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நான்... எதிர்வீடு" என்றார்.

தள்ளுவண்டியில் படுத்திருந்த புஷ்பம் தலையைத் திருப்பினாள். கூடப் பிறந்தவர்கள் என்று அவளுக்கு ஒருவரும் கிடையாது. "அவரு எங்க அண்ணன். உள்ள விடுங்க" என்றாள்.

எனக்கு ஒரே நொடியில் ஒரு மச்சான் முளைத்துவிட்டார். பெண் கொடுத்த வீட்டில் சம்பந்தம் பேசியபோது இப்படி ஒரு ஆள் இருப்பதாக எவரும் சொல்லவில்லை.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. பஞ்சில் பொதிந்து வைத்தார்கள். பிழைக்குமா என்று டாக்டரம்மாவே இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிழைத்தாள். நன்றாகவே பிழைத்தாள். ஆவூர் திரும்பும்போது ஜீப்பில் நாலு ஷாக் அப்சார்பரும் இருந்தன. ஆனாலும் சாமியும் செல்லையாவும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துதான் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வருஷம் திரும்பியதும் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆர்மோனியம் புது வேட்டி கட்டிக்கொண்டு, அசைந்தால் குழந்தை விழுந்துவிடும் என்ற பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பத்தர் ஊசியை எடுத்து முதல் காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. அதற்குள் இவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. பத்தர் அடுத்த காதுக்குக் கையைக் கொண்டுபோனார். ஆர்மோனியம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு புஷ்பத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு காது போதாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை. கிட்டே போய் உட்கார்ந்து, தன் முந்தானையால் அண்ணன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.