சடையப்பன் சுமந்த தண்ணி ஜக்கு

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வாங்க. இது உரக்கச் சொல்ற கதை இல்லை. சடையப்பன் காதில் விழுந்தால் அடுத்த மாசம் நம்ம வீட்டுக்கு வருகிற அரிசி மூட்டையில் எடை குறையும்.

சிதம்பரத்தில் ஒரு அரிசி மண்டியில் எடை போடுகிற ஆள் சடையப்பன். அவனுக்குத் தராசே வேண்டாம். மூட்டையின் காதைப் பிடித்து ஒரு அசைப்பு அசைத்துவிட்டு, எழுபத்தி நாலே முக்கா கிலோ என்பான். தூக்கி வைத்துப் பார்த்தால் எழுபத்து நாலே முக்கால்தான் இருக்கும், ஒரு பிடி கூடக் குறைய இருக்காது. அப்படிப்பட்ட கைக்கு வந்த சோதனைதான் கதை.

சுனாமி வந்துபோய் நாலு வருசம் ஆகியிருந்தது. ஜனங்கள் மறுபடியும் காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். முந்தின வருசம் சடையப்பனும் பெண்டாட்டி மகேஸ்வரியையும் மகள் திலகவதியையும் கூட்டிக்கொண்டு கடலூர் தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சுக்குப் போனான். மணலில் போர்வை விரித்து, தூக்கைத் திறந்து, புளிச்சோற்றை முதல் உருண்டை பிடிக்கும்போது எதிரே வந்து நின்றான் பக்கிரி. அதே மண்டியில் மூட்டை தைக்கிறவன். கோணி ஊசியை விட அவன் வாய் கூர்மை.

"என்னா சடையா, அன்னதானமா? வரிச எங்க நிக்குது?"

அவ்வளவுதான் கேட்டான். அது மண்டி முழுக்கப் பரவி, ஒரு வருசம் ஓடியது. அரிசி புடைக்கிற பொம்பளைகள் கூட சடையப்பனைப் பார்த்தால் "அண்ணே, இன்னிக்கு எந்தச் சத்திரம்?" என்று கேட்டார்கள். சோறு போட்டவளுக்கு இல்லாத அவமானம் தின்றவனுக்கு வந்து சேர்ந்தது.

அதனால் இந்த வருசம் போகிக்கு முதல் நாளே மண்டியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சபதம் போட்டான். காணும் பொங்கல் அன்று கடற்கரைக்குப் போவான். ஆனால் ஓட்டலில்தான் சாப்பிடுவான். மேசை இருக்கும், நாற்காலி இருக்கும், வாழை இலை இருக்கும், பக்கத்தில் ஒரு ஆள் நின்று இன்னும் கொஞ்சம் போடட்டுமா சார் என்று கெஞ்சணும். இது நடக்கவில்லை என்றால் மீசையை எடுத்துவிடுவான்.

மீசை என்றால் ஏதோ மூக்குக்குக் கீழே மை தீற்றியது மாதிரி நினைக்காதீங்க. எதிரே சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய மீசை.

"நானும் வந்து பாக்குறேன்" என்றான் பக்கிரி. "பிளேடு என் செலவு."

வீட்டுக்கு வந்து மகேஸ்வரியிடம் விவரத்தைச் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, பொங்கலுக்கு ஓட்டலு..."

"நீ பேசாத."

"இல்ல மாமா, அங்க சமைக்கிறவங்களுக்கும் வூடு வாசலு..."

"பேசாதன்னேன். ஒன் புளிச்சோத்தாலதான் ஒரு வருசமா நான் தலய தொங்கப் போட்டுக்கிட்டு நடக்குறன். சோறு, கொழம்பு, ஊறுகா, ஒண்ணு இந்த வாசல தாண்டக் கூடாது. திரும்பும்போது கருவாடு வாங்குற பேச்சும் கூடாது. பஸ்ஸுல மானம் போவுது."

"சரி மாமா."

கல்யாணம் ஆன பத்து வருசத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. மூட்டையில் ஒரு படி குறைந்தால் கண்டுபிடிக்கிறவன் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

காணும் பொங்கல் காலையில் வாசலில் சோதனைச் சாவடி போட்டான். மகேஸ்வரியின் பையை வாங்கிக் கவிழ்த்தான். சீப்பு, துண்டு, திலகவதியின் மாற்றுப் பாவாடை. துண்டுக்கு நடுவே ஒரு டப்பா. டப்பாவில் முறுக்கு.

"ஆகா" என்றான் சடையப்பன். கள்ளக்கடத்தலைப் பிடித்த அதிகாரிக்குக் கூட அப்படி ஒரு சந்தோசம் வந்திருக்காது. டப்பாவைக் கொண்டுபோய் பரணில் வைத்து, பரணுக்கு ஏறி நிற்கிற மணையையும் எடுத்து ஒளித்துவிட்டு வந்தான். மகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கே மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

அப்போதுதான் அவள் மூலையில் இருந்த ஜக்கைக் காட்டினாள். குழாய் வைத்த சிவப்பு ஜக்கு. அஞ்சு லிட்டர் பிடிக்கும்.

"தண்ணியாவது கொண்டாரலாமா, அதுவும் மானக்கேடா? அந்தூரு தண்ணி உப்பு. புள்ளைக்கு ஒத்துக்காது." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கப் போனாள். யம்மா என்று ஒரு முனகல்.

"குடு, குடு. தண்ணிய நான் தடுக்கல" என்று வாங்கிக்கொண்டான். வாங்கிய கை சும்மா இருக்குமா? ஒரு அசைப்பு அசைத்தான். "ஆறு கிலோ. தண்ணி அஞ்சு, ஜக்கு ஒண்ணு."

"ஒங்க கை தப்புமா மாமா?"

தெருமுனை வரைக்கும் போய் நின்றான். "என்னா புள்ள, சலக்குன்னு ஒரு சத்தம் காணும்?"

"நெறகொடம் தளும்பாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

அதைத் தன்னைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தான். பின்னால் திலகவதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் கூட்டம் அப்பிக்கொண்டு இருந்தது. தாயும் மகளும் முன்னால் பெண்கள் சீட்டில். சடையப்பன் பின்னால், மடியில் ஜக்கு. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஒரு வாசனை கிளம்பியது. நல்லெண்ணெய், பெருங்காயம், வறுத்த வேர்க்கடலை, புளி. சடையப்பன் மூக்கு விடைத்தது. ஒரு வருசத்துக் கோபம் எழுந்து நின்றது.

"எவனோ கட்டுச்சோறு கொண்டாந்திருக்கான்" என்று பஸ்ஸுக்கே அறிவித்தான். "இது பஸ்ஸா, சமயக்கட்டா? நாகரிகம் தெரியாத சனம். கண்டக்டரே, மொதல்ல அந்த ஆள எறக்கி வுடுங்க."

கண்டக்டர் பாவம், கூட்டத்தில் நீந்தி வந்து ஒவ்வொரு பையாக மோந்து பார்த்தார். கீரைக்கட்டு வைத்திருந்த கிழவர் ஒருத்தரைக் குடைந்தார். "நான் வெறும் வயித்தோட வர்றன் தம்பி. வாசனையாவது இருக்கட்டும், வுடுங்க" என்றார் கிழவர். சடையப்பன் மட்டும் விடவில்லை. கடலூர் வரும்வரை ஜக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாகரிகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

இறங்கியதும் நேரே அவன் மனசில் குறித்து வைத்திருந்த பெரிய ஓட்டலுக்குப் போனார்கள். கதவுக்குப் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு அட்டை: பொங்கல் விடுமுறை.

"திமிரு" என்றான். அடுத்த தெருவுக்கு நடந்தான். அங்கேயும் பூட்டு, அட்டை கூட இல்லை. மூன்றாவது இடம் திறந்திருந்தது. பாய்ந்து உள்ளே போனான். முதலாளி குடும்பத்தோடு உட்கார்ந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரர் பண்ருட்டி பக்கம் ஊருக்குப் போய்விட்டாராம், வர மூன்று நாள் ஆகுமாம். வேண்டுமானால் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். சடையப்பனுக்கு அது பிச்சை மாதிரி பட்டது.

"பண்டிகைன்னா ஊரே ஊர சுத்த வருது. அன்னிக்கிப் பாத்து அடுப்ப அணைக்கிறான். இதுக்கெல்லாம் ஒரு சட்டம் போட வேணாமா?"

"அதத்தான் மாமா அன்னிக்கே..."

"நீ பேசாத."

ஒரு மணிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். தள்ளுவண்டிகளுக்குப் பஞ்சமில்லை. பஜ்ஜி, சுண்டல், மிளகாய் தடவிப் பொரித்த மீன். எல்லாம் நின்றுகொண்டு தின்பது. ஒரு மீன் கடைக்காரனிடம் மேசை உண்டா என்று கேட்டான். "மணல்ல எங்கண்ணே மேச போடறது? காலு எறங்கிடும். மேசைக்கும், ஒங்களுக்கும்" என்றான் அவன்.

சுற்றிலும் குடும்பம் குடும்பமாகத் தூக்கைத் திறந்து தின்றுகொண்டிருந்தார்கள். சடையப்பன் வெயிலில் ஜக்கோடு நின்றான். வயிறு கத்தியது. கத்தட்டும். மீசை போனால் மண்டிக்கு எந்த மூஞ்சியோடு போவது? அந்த மூஞ்சியை அவனே பார்த்து இருபது வருசம் ஆகிறது.

அந்த நேரம் பார்த்து வந்தான் பக்கிரி. கூட அவன் சம்சாரம் லோகநாயகி. இரண்டு பேர் முகமும் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. சடையப்பன் போகிற ஓட்டலிலேயே உட்கார்ந்து வேடிக்கையும் பார்த்து சாப்பிட்டும் விடலாம் என்று அவனும் கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறான். அதே பூட்டுகளை அவனும் எண்ணியாகிவிட்டது.

"எங்கய்யா மேச?" என்றான். "நீ பண்ண அளப்புல என் பொண்டாட்டி ஒல கூட வைக்கல." சட்டைப் பையிலிருந்து காகிதம் பிரிக்காத பிளேடை எடுத்தான். "உக்காரு. ஒக்கார நாக்காலி இல்லன்னா மண்டி போடு."

"இருய்யா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்றன்" என்று சடையப்பன் நாலு அடி தள்ளிப் போய், அங்கே பழுதுபார்க்கக் கவிழ்த்து வைத்திருந்த படகின் மறைவில் ஜக்கை வைத்துக் குழாயை அழுத்தினான். ஒரு சொட்டு வரவில்லை. ஜக்கைச் சாய்த்தான். குலுக்கினான். கடைசியில் மூடியைத் திருகித் திறந்தான்.

உள்ளே சுருட்டி வைத்த வாழை இலை. இலைக்குக் கீழே புளிச்சோறு. அதற்கு நடுவே புதைத்த சம்படத்தில் கத்திரிக்காய் கொத்சு. எழுபத்து நாலே முக்கால் சொல்கிற கை ஜக்கை மறுபடியும் ஒரு அசைப்பு அசைத்துப் பார்த்தது. சிதம்பரத்திலிருந்து இத்தனை தூரம், ஓட்டல் ஓட்டலாக, அவனே சுமந்து வந்திருக்கிறான்.

நிமிர்ந்தான். மகேஸ்வரி பக்கத்தில் குனிந்து நின்றாள்.

"எனக்கே துரோகமா?" என்றான் பல்லைக் கடித்து.

"மெதுவா பேசுங்க. மீச வேணுமா, வேணாமா?"

"...வேணும்."

"என் பைய கவுத்து நோண்டுனது?"

"தப்புதான்."

"கேக்கல மாமா."

"தப்புதான்" என்றான் பலமாக.

"யாருக்கு என்னா தப்பு?" என்று பக்கிரி எட்டிப் பார்த்தான்.

"ஒங்கள காக்க வச்சிட்டாராம் அண்ணே, வருத்தப்படறாரு" என்ற மகேஸ்வரி, படகு நிழலில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ராசம்மாள் என்கிறவளிடம் போனாள். அந்தப் படகு ராசம்மாள் வீட்டுப் படகு. என்ன பேசினாளோ, ராசம்மாள் வாயில் வெற்றிலையோடு சிரித்து, படகு சாமி மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் கிட்ட வாங்க என்றாள். மீன் பெட்டி ரெண்டைக் கவிழ்த்துப் போட்டாள். படகின் முதுகில் இலை விழுந்தது. இலையில் சோறு விழுந்தது.

"என்னா இது?" என்றான் பக்கிரி.

"மேச" என்று படகைத் தட்டினாள் மகேஸ்வரி. "நாக்காலி. எல. ஓட்டலுன்னா வேற என்னாண்ணே? ஒக்காந்த எடத்துக்குச் சோறு வரணும். அவ்வளவுதான? எல்லாம் மாமா ஏற்பாடு. அவுங்க கையாலயே சொமந்தாந்தாங்க, ஆறு கிலோ." பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, கரண்டியோடு புருசன் பக்கத்தில் நின்று குரலை மாற்றினாள். "இன்னும் கொஞ்சம் கொத்சு போடட்டுமா சார்?"

பக்கிரி வாயைத் திறந்தான். பேசுவதற்குள் லோகநாயகி அவன் வாயில் ஒரு உருண்டையை வைத்து அடைத்தாள். அதற்கப்புறம் அந்த வாயிலிருந்து தீர்ப்பு எதுவும் வரவில்லை. பிளேடை வலை நூல் அறுக்க ராசம்மாள் வாங்கிக்கொண்டாள். சடையப்பன் யார் முகத்தையும் பார்க்காமல், கோபத்திலேயே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். ராசம்மாளின் பானையிலிருந்து தண்ணியைக் குடித்துவிட்டு, அதே கோபத்தோடு படகு நிழலில் படுத்துத் தூங்கியும் போனான். பெண்கள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் திரும்புகிற பஸ் காலையில் வந்த அதே பஸ். கண்டக்டரும் அதே கண்டக்டர். மகேஸ்வரியும் திலகவதியும் முன்னால். சடையப்பன் பின்னால், மடியில் ஜக்கு. காலி ஜக்கு ஒரு கிலோ இருக்கணும், மூணு கிலோ கனக்குதே என்று கை சொல்லியது. இன்றைக்கு அந்தக் கையின் பேச்சைக் கேட்கிற எண்ணம் அவனுக்கு இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு கண்ணை மூடினான்.

முதுநகர் தாண்டியதும் வாசனை வந்தது. இந்தத் தரம் புளி இல்லை, பெருங்காயம் இல்லை. சுறாக்கருவாடு. நன்றாகக் காய்ந்த, அசல் தேவனாம்பட்டினத்துச் சரக்கு. ஆட்கள் மூக்கைப் பிடித்தார்கள். காலையில் வந்த கீரைக்கட்டுக் கிழவரும் அதே பஸ்ஸில்தான் திரும்பிக்கொண்டிருந்தார், அவர் எழுந்தே நின்றுவிட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்த கண்டக்டர், யார்யா அது என்று கேட்டார்.

சடையப்பன் மெதுவாக மூடியைத் தொட்டான். சரியாகத் திருகவில்லை. தொட்ட கையை எடுக்காமல் முன் சீட்டைப் பார்த்தான்.

மகேஸ்வரி எழுந்து திரும்பினாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மோவாயால் அவன் மடியைக் காட்டினாள்.

"நாகரிகம் தெரியாத சனம்" என்றாள். "கண்டக்டரண்ணே, மொதல்ல அந்த ஆள எறக்கி வுடுங்க."

சொல்லிவிட்டு, மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, காத்து வருகிற சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.