வாளித் தகப்பன்

நெப்ராஸ்காவின் ஆல்டர் கிரீக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் அணியை இந்த வசந்தத்தில் கரையேற்றியவர் ஒரே ஒரு மனிதர். பந்தைத் தொடவில்லை, மட்டையைப் பிடிக்கவில்லை, உட்கார்ந்த வாளியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஒன்பது பெண்களும் ஆடினார்கள். கோச்சும் இருந்தார். எழுந்திருக்கவில்லை என்பதோ சுத்தப் பொய். எழுந்தார். வினையே அதில்தான்.

வாளித் தகப்பன் என்று ஓர் இனம் உண்டு. எட்டு வயது மகள் ஒருநாள், "அப்பா, நான் பந்து எறியப் போறேன்" என்கிறாள். அன்று மாலையே இந்த மனிதர் கடைக்குப் போய், உள்ளே இரண்டு டஜன் பந்து கொள்ளும்படியும், மூடியில் மெத்தை தைத்தும் ஒரு பெரிய வாளி வாங்கி வருகிறார். கொல்லைப்புறத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து, கையுறையை நீட்டி, மழை, பனி, கல்யாணநாள், சொந்த அண்ணனின் கல்லீரல் அறுவை என்று எதையும் பாராமல், தினம் நூறு பந்து பிடிக்கிறார். பத்து வருஷம் இப்படி. அதற்குள் கட்டை விரல் இரண்டு முறை முறிகிறது, முழங்கால் கரகரக்கிறது, ஆனால் முதுகு மட்டும் வேறு எந்த ஆசனத்துக்கும் வளைய மறுக்கிறது. மகள் கல்லூரி போய்விடுவாள். அங்கே பந்தைப் பிடிக்க முகமூடி போட்ட ஒரு பெண் இருப்பாள், சொல்லித்தர கோச் இருப்பார். வாளியை என்ன செய்வது? தூக்கிக்கொண்டு அவரும் போவார்.

வெர்லின் ஸ்டாஸ்ட்னி அப்படிப் போனவர். வாரத்தில் ஐந்து நாள் சோளக்கிடங்கில் எடை போடுகிற வேலை. சனிக்கிழமை கல்லூரி மைதானத்தில், மட்டைக்காரிக்கு நேர் பின்னால், கம்பிவலைக்கு இந்தப் பக்கம், தன் வாளி மேல். மனைவி லானெட் பின்னால் பலகைப் படியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் நான்.

இந்த இனத்தாரின் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? பேச்சே கிடையாது, தீர்ப்புதான். நடுவர் கண்ணாடி மாற்ற வேண்டும். மூன்றாம் தளத்தை, அதாவது தேர்ட் பேஸை, காக்கிற பெண் காலை உணவு சாப்பிடவில்லை. கோச் நல்லவர்தான், பாவம், ஆனால் சாஃப்ட்பால் தெரியாது.

"ரமோனா ஒரோஸ்கோ இருபது வருஷமா கோச், வெர்லின்," என்றேன்.

"இருபது வருஷமும் தெரியாது."

வெர்லினுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்தப் பந்து எறிய வேண்டும் என்று ஆட்டக்காரர்களின் கொட்டகையிலிருந்து கோச் ஒரோஸ்கோ சைகை காட்டுவார் அல்லவா? அதைப் பிப்ரவரி முதல் வாரத்திலேயே பிரித்து மேய்ந்துவிட்டார் நம்மவர். காதைத் தொட்டால் மேலே எழும்புகிற வேகப்பந்து. தொப்பியைத் தொட்டால் ஏமாற்றுகிற மெதுப்பந்து. கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. வாய்தான் சொல்லவில்லை. பத்து வருஷம் மகள் பிரிட்டாவின் பந்தைப் பிடித்த உடம்பு சும்மா இருக்குமா? கோச் காதைத் தொட்ட உடனே வெர்லினின் பின்பக்கம் வாளியிலிருந்து ஒரு சாண் எழும்பும். தொப்பியைத் தொட்டால் அப்படியே பின்னால் சாய்ந்து, வெந்நீர்த் தொட்டியில் இறங்கியவர் போல ஒரு பெருமூச்சு. இவ்வளவும் பந்து மகள் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால்.

இந்த வருஷம் ஒரு விசித்திரம் நடந்தது. வெளியூரில் போய் ஆடினால் ஜெயம். சொந்த மைதானத்தில் அடி. வெளியூர்களில் வலைக்குப் பின்னால் வாளி போட அனுமதி இல்லை, வெர்லின் எங்கோ மூலையில் நின்று பொருமிக்கொண்டிருப்பார். உள்ளூரிலோ, வந்த அணியெல்லாம் பிரிட்டாவின் மெதுப்பந்துக்கு முன்கூட்டியே நாள் குறித்தவர்கள் போலக் காத்திருந்து விளாசினார்கள். ஏப்ரல் வந்தபோது ஒரு கணக்குதான் மிச்சம். வில்லோ ஃபோர்க் கல்லூரியோடு கடைசி உள்ளூர் ஆட்டம். ஜெயித்தால் வட்டாரப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் நான்காம் வருஷத்துப் பிரிட்டா அன்றோடு பந்தைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

"மண்ணு சரியில்ல," என்றார் வெர்லின். "இந்த மைதானத்துல ஏதோ இருக்கு."

இருந்தது. வாளி மேல் இருந்தது. முந்தைய சனிக்கிழமை எறிவதற்குத் தயாராக நின்ற பிரிட்டா, பிடிப்பவளின் தோளுக்கு மேலே தற்செயலாகப் பார்த்தாள். அப்பா எழும்பினார். அதே நொடியில் மூன்றாம் தளத்தருகே நின்ற எதிரணிக் கோச், அப்பாவைப் பார்த்துவிட்டு, கைதட்டாமல் சும்மா நின்றார். அடுத்த பந்துக்கு அப்பா சாய்ந்தார். எதிரணிக் கோச் ஒரு தட்டு தட்டினார். மட்டைக்காரி நிதானமாகக் காத்திருந்து, பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினாள்.

கோச் ஒரோஸ்கோவிடம் போய்ச் சொன்னாள். அவர் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தார்.

"உங்கப்பாவ கார்ல போய் உக்காரச் சொல்லு."

"சொன்னா போயிடுவாரு கோச். அப்புறம் திரும்பி வரமாட்டாரு."

"அப்ப வாளியையாவது எடு."

"எட்டு வயசுலேருந்து அந்த வாளியப் பாத்துத்தான் எறியறேன். தன்னாலதான் தோத்தோம்னு அவரு தெரிஞ்சுக்கிட்டா, இத்தனை வருஷமும் பாழாயிடும்."

கோச் உமியைத் துப்பினார். "சரி. ஆளு அங்கயே இருக்கட்டும். சைகைய மாத்திக்குவோம். தொப்பின்னா எழும்பு பந்து. காதுன்னா மெதுப்பந்து. உங்கப்பா பழையபடி ஊருக்கே சேதி சொல்லட்டும்."

பிரிட்டா அம்மாவிடம் சொன்னாள். லானெட் என்னிடம் சொன்னாள். வெர்லினைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கடைசி ஆட்டத்தன்று காற்று சோளத்தட்டையைச் சீவியது. கோச் காதைத் தொட்டார், வெர்லின் எழும்பினார், எதிரணிக் கோச் சும்மா நின்றார், வேகப்பந்து என்று நம்பி அவசரமாக வீசிய மட்டைக்காரி மெதுப்பந்து வந்து சேருவதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றி மண்ணில் உட்கார்ந்தாள். வெர்லின் முகம் சுருங்கியது. "கோச் ஒண்ணு கேக்குறா, இவ ஒண்ணு எறியறா," என்று தொப்பியைக் கசக்கினார். மூன்றாவது இன்னிங்ஸ் முழுக்க இதே புலம்பல். அப்புறம் அடங்கிவிட்டார். கடைசி இன்னிங்ஸ் வரை ஆட்டம் 2-1, ஆல்டர் கிரீக் முன்னணி. எதிரணியில் இருவர் வெளியே, மூன்றாம் தளத்தில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள், மட்டைக்காரி இன்னும் ஒரே ஒரு பந்தைத் தவறவிட்டால் அவளும் வெளியே. கோச் தொப்பியைத் தொட்டார். வெர்லின் சாய்ந்தார். சாதாரணச் சாய்வா அது? ராஜா மஞ்சத்தில் சாய்கிற மாதிரி, கால் இரண்டும் காற்றில். எதிரணிக் கோச் தட்டினார். மட்டைக்காரி மெதுப்பந்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்து மட்டையை வீச, அதற்குள் எழும்பு பந்து அவள் தாடையைத் தாண்டிப் பிடிப்பவள் கையில் போய் அறைந்தது. அவ்வளவுதான். வட்டாரப் போட்டி.

"பாத்தியா லானெட்," என்றார் வெர்லின். "நான் மனசுக்குள்ள எழும்பு பந்து போடுன்னேன். கோச்சக் கேக்கல, என்னைக் கேட்டா."

பிரிட்டா வலை வழியாக விரலை நீட்டி அப்பாவின் விரலைத் தொட்டாள். "ஆமாப்பா," என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்தவர் ஓட்டுகிற காரில் இல்லாத பிரேக்கை மிதிப்பது யார்? பேரன் மேடையில் பாடும்போது முன்வரிசையில் உதடசைப்பது யார்? மருமகள் குழம்புக்கு உப்புப் போடுகையில் தன் விரல் நுனியைத் தேய்த்துக்கொள்வது யார்? ஒருமுறை எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள். நாற்காலிதானா அது?

இவ்வளவையும் எழுதி, லானெட்டின் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். அவள் கோலாச்சி என்கிற இனிப்பு ரொட்டிக்கு மாவில் குழி பண்ணி, உலர்ந்த பிளம்பழ விழுதை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு இடம் தப்பு," என்றாள். "மனுஷனுக்குத் தெரியும்."

"எப்ப?"

"நாலாவது இன்னிங்ஸ். என் பக்கம் திரும்பி, 'லானெட், அவங்க என்னைத்தான் பாக்குறாங்களா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'இத்தனை நாளாவா?'ன்னாரு. அதுக்கும் ஆமான்னேன். நீங்க அப்ப தின்பண்டம் வாங்கப் போயிருந்தீங்க. அப்புறம், 'பொண்ணுக்குத் தெரியவேண்டாம்'னு சொல்லிட்டு, முன்னவிட நல்லா எம்ப ஆரம்பிச்சாரு. கடைசிப் பந்துக்குக் கால தூக்கிச் சாஞ்சாரே, இருபத்தாறு வருஷத்துல நான் பாத்த ஒரே நடிப்பு அதுதான்."

மாவுக் கையோடு என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"மேல, ஒரே ஒரு மனிதர்னு சொல்லிட்டு, 'கூட்டித்தான் சொல்கிறேன்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத அடிச்சிடுங்க."