தூங்கும் பாதிரியாருக்கு வழி சொல்லும் புத்தகம்

மலையடிவாரம், கொலராடோ
ஆகஸ்ட் நடுவில், மதிய இடி இறங்குவதற்குச் சற்று முன்

அன்புள்ள மைத்துனன் டென்னிக்கு,

உன் அக்காள் கணவன் எல்வுட் எழுதுவது. இங்கே நானும் கொரினும் நலம். அவளுடைய வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நெப்ராஸ்காவில் நீயும், உன் மனைவியும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும் உன் சோளமும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே உயரமான பொருளாகிய தானியக் கிடங்கின் மீது கயிறு கட்டி ஏறிப் பழகுவதாக எழுதியிருந்தாய். கீழே நின்றவர்கள் கை தட்டியதையும் படித்தேன். மகிழ்ச்சி.

அடுத்த கோடையில் இங்கே தேசியப் பூங்காவுக்கு வந்து உயரமான மலைப்பாறைகளில் ஏறப்போவதாகவும், அதற்கு எந்த வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கலாம் என்று ஒரே வரியில் பதில் போடும்படியும் கேட்டிருந்தாய். ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தால் ஜூன் மாதமே சொல்லியிருப்பேன். இந்தக் கேள்வியால்தான் எங்கள் வீட்டில் ஒரு கோடைக்காலமே கரைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் சமையலறை ஜன்னலில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே, தூங்கும் பாதிரியார் என்ற மலை தெரியும். நீயும் பார்த்திருக்கிறாய். எங்களுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்திருப்பார். அவருடைய இடுப்பிலிருந்து தோள்வரை போகும் அந்தப் பாறை முகட்டில் ஒரே ஒரு தடவை என்னோடு ஏறிவிட வேண்டும் என்று, கல்யாணமான நாளிலிருந்து உன் அக்காள் தட்டுக் கழுவிக்கொண்டே சொல்லிவருகிறாள். நானும் தட்டுத் துடைத்துக்கொண்டே ஆகட்டும் என்று சொல்லிவருகிறேன். இப்போது செப்டம்பரில் அவளுக்கு முழங்கால் மாற்று அறுவை. அதற்குப் பிறகு கயிறும் பாறையும் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மலையில் பழைய பனி போவது ஜூலையில். புதுப் பனி வருவது செப்டம்பரில். ஆக அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு கோடைதான். கயிறு, உணவு, மழைச்சட்டை எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள். ஆயுள் முழுக்கப் பள்ளியில் லத்தீன் நடத்தியவன் என்பதால் புத்தகத்தை மட்டும் என்னிடம் விட்டாள். கோடை வீணாவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கடைக்குப் போனேன். மலையேற்றச் சாமான் கடையை மரிசோல் தஃபோயா நடத்துகிறாள். என்னிடம் லத்தீன் படித்து, அதிலிருந்து முழுமையாகக் குணமடைந்தவள்.

“சார், நீங்க எந்தக் கட்சி?” என்றாள்.

“நான் புத்தகம் வாங்க வந்தேன், மரிசோல். கட்சியில சேர வரலை.”

“இந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான் சார். தடிச்சதா, மெலிசா? அதை வச்சுத்தான் யார் யாரோட கயிறு கட்டிக்கறதுன்னு முடிவு பண்றாங்க. போன மாசம் ஒரு நிச்சயதார்த்தமே நின்னுபோச்சு.”

தடித்த புத்தகத்தில் பூங்காவிலுள்ள அத்தனை மலையும் உண்டு. எழுதியவர் கஸ் டோர்விக். எண்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். மெலிந்த புத்தகத்தில் சில மலைகளே உண்டு. ஆனால் வண்ணப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிரார்த்திக்க வேண்டும் என்று எல்லாம் உண்டு. அதை எழுதியவர் இங்கே வந்து இருபது வருடம்தான் ஆகிறது என்பதால் ஊரில் இன்னும் வெளியூர்க்காரர் என்றே பெயர். கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறதாம்; பூங்காவுக்குள் நுழைந்ததும் அது இறந்துவிடுகிறது.

பாதிரியார் முகட்டுக்கு மெலிந்த புத்தகம் நான்கு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு அபாயத்தையும் எண்ணி எண்ணிச் சொல்கிறது. தடித்த புத்தகம் அதே முகட்டைப் பற்றிச் சொல்வதை முழுமையாகத் தருகிறேன்: “தெளிவாகத் தெரியும் விரிசலில் ஏறவும். தொடரவும். வசதியான இடத்தில் இடப்புறம் திரும்பவும். காலை உணவுக்குப் பிறகு போகலாம்.”

டென்னி, இந்த ஊர்ப் பழைய ஆட்களைப் பற்றி நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாறை கடினம் என்று உள்ளதை உள்ளபடி சொல்வதை அவர்கள் பண்பற்ற செயலாகக் கருதுகிறார்கள். பயங்கரமான இடத்தை ‘சுவாரசியமானது’ என்பார்கள். ‘கொஞ்சம் காற்றோட்டமா இருக்கும்’ என்றால் காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்று பொருள். ‘காலை உணவுக்குப் பிறகு’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்கவே கஸ்ஸைத் தேடிப் போனேன். பேக்கரியில் தன் கட்சிக்காரர்களின் மேசையில், தலையளவு பெரிய இலவங்கப்பட்டை இனிப்பு ரோலுடன் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, பாதிரியார் முகடு கஷ்டமா?”

“கஷ்டமா?” மேசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. “எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன், தம்பி.”

எனக்கு அறுபத்தெட்டு வயது. தம்பி என்று கேட்டுக் குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து கொரினிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், “பாதிரியாரோட வடக்குச் சுவர்ல முதல் முதலா ஏறினதே அந்தம்மாதான். அந்தம்மாவைக் கேட்டிருந்தா, மகனைக் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லியிருக்கும்,” என்றாள்.

அன்றே இரண்டையும் வாங்கிவிட்டேன். ஜூலை முழுவதும் சமையலறை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்தேன். படிக்கப் படிக்க எழுத்து மங்கி மலை தெளிவாகும். ஜன்னலில் மேகம் வரும். பாதிரியார் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். அந்த வெண்மைக்குள் நான் விரல் நுனியால் குளிர்ந்த பாறையைத் தடவிக்கொண்டே போவேன். விரிசல்களில் நீலப் பூக்கள் தலையசைக்கும். கீழே ஏரி, யாரோ மறந்துவைத்த கைக்கண்ணாடிபோல. கயிற்றின் மறுமுனையில் கொரின், முழங்கால் வலியில்லாமல், இருபத்தாறு வயதில். கைக்கு எடையே இராது. மேலே மேலே போய்க்கொண்டிருப்பேன்.

“எல்வுட், எங்க இருக்கே?”

“மூணாவது கயிறு நீளத்துல. இடப்புறம் திரும்ப வசதியான இடம் பார்க்கறேன்.”

“இறங்கி வா. சூப் ஆறுது.”

இறங்குவேன். இறங்கும் வழியைப் பற்றி இரண்டு புத்தகமும் அதிகம் சொல்வதில்லை. சூப் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆகஸ்ட் பிறந்ததும் உன் அக்காள் பொறுமையிழந்து ஒரு நாள் விடியுமுன் என்னை எழுப்பிக் கூட்டிப் போனாள். இரண்டு புத்தகத்தையும் முதுகில் சுமந்தேன். முகட்டின் அடியில் நின்று ‘தெளிவாகத் தெரியும் விரிசல்’ எது என்று தேடினேன். டென்னி, அந்தச் சுவரில் விரிசல் இல்லாத இடம்தான் தெளிவாகத் தெரியவில்லை. மெலிந்த புத்தகத்தின் சிவப்புக் கோட்டைக் கொண்டு சரிபார்க்கலாம் என்றால், படம் எடுத்த நாளில் நல்ல வெயில், எங்களுக்கோ நிழல். புத்தகங்களைப் பாறைமேல் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு விரிசலுக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது, பூனையளவு பருத்த மலை எலி ஒன்று வந்து, என் கைவியர்வையின் உப்புக்காக மெலிந்த புத்தகத்தில் பாதிரியாரின் நான்கு பக்கத்தையும் நிதானமாகத் தின்று முடித்தது. தடித்த புத்தகத்தை ஒரு முறை கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அதற்குள் நண்பகல் மேகம் திரண்டது. இடிக்கு முன் இறங்குவது இங்கே சட்டத்தைவிடப் பெரியது என்பதால் திரும்பினோம். காரில் கொரின் முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னல் வழியே பாதிரியாரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று இரவுத் தட்டுகளை நானே கழுவினேன்.

எனவே நன்கு யோசித்து என் முடிவைத் தெரிவிக்கிறேன். மெலிந்ததையே வாங்கு. தடித்ததைத் தொடாதே, அது வழிகாட்டியல்ல, ஒரு மனிதரின் மனோபாவம். பாறையில் உள்ள கஷ்டத்தை உள்ளபடி சொல்லாத ஆட்களோடு நான் இனி ஒரே மேசையில் ரோல் சாப்பிடுவதாக இல்லை. எலி தின்ற பக்கங்களுக்காக இன்னொரு பிரதிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்து, படித்து, ஒப்பிட்டு முடிந்ததும், பனிக்கு முன் நாளிருந்தால் உன் அக்காளைக் கூட்டிப் போவேன்.

உன் சோளத்தின்மேல் ஆலங்கட்டி விழாமலும், உன் முடிச்சு அவிழாமலும், தானியக் கிடங்கு உன்னைப் பொறுத்துக்கொள்ளவும் எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
எல்வுட் பிராதர்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மேசையிலேயே ஒரு வாரம் கிடந்துவிட்டது. இதற்குள் மேலே எழுதியதெல்லாம் செல்லாததாகிவிட்டது. வியாழக்கிழமை விடியுமுன் கொரின் என்னை எழுப்பி, “புத்தகம் வேண்டாம். வழி எனக்குத் தெரியும். ஒரு மாசமா தூக்கத்துல அதைத்தானே நீ பிதற்றிட்டிருக்கே,” என்றாள். அடர்ந்த மூடுபனி. அவள் முன்னால் ஏற, நான் பின்னால். தெளிவாகத் தெரியும் விரிசல் இருந்தது. தொடர்ந்தோம். வசதியான இடம் வந்தது, இடப்புறம் திரும்பினோம். எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது. கஸ்ஸை மனதார மன்னித்தேன். உச்சியை அடைந்ததும் மூடுபனி விலகியது; எதிரே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், தூங்கும் பாதிரியார் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறியிருந்தது பக்கத்திலுள்ள பெயரில்லாத மலை.

உன் அக்காள் முழங்காலை நீட்டி உட்கார்ந்து, வெகு நேரம் அவரையே பார்த்திருந்தாள். “இத்தனை வருஷமா முதுகைத்தான் பார்த்திருக்கோம் எல்வுட். முகம் எவ்வளவு சாந்தமா இருக்கு பாரு,” என்றாள். பிறகு இரண்டு சாண்ட்விச்சையும் அவளே சாப்பிட்டாள். இனி அறுவை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டுமாம்.

ஆகவே தடித்ததையே வாங்கு. எந்த மலைக்கும் பொருந்துகிறது. மறுநாள் பேக்கரியில் கஸ் தன் மேசையில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்தப் பெயரில்லாத மலை எப்படி, கஷ்டமா, அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். வழியில் இரண்டு இடங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு உயிலை மனதுக்குள் திருத்தியவன் என்பது உனக்குள் இருக்கட்டும். ரோலைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன்:

“கஷ்டமா? என் பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போனேன்.”