ஆறு படம்

அன்பிற்குரிய மைத்துனருக்கு அத்தான் எழுதுவது.

இங்கு நானும் பாப்பாவும் நலம். நலம் என்பதில் என் இடது முழங்காலைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். உன் நலம், உன் மனைவி நலம், உன் அச்சக இயந்திரங்களின் நலம் அறிய ஆவல்.

தொலைபேசியில் சொல்லலாம்தான். நீ பேசவிட மாட்டாய். அதோடு இந்த விடுதி அறை சிறியது. பேசினால் பாப்பா காதில் விழும். இப்போது அவள் குளியலறையில் தன் ஷூவிலிருந்து மணலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் எடுத்த படங்கள் இன்று ஒரு பென்டிரைவில் உனக்குக் கூரியரில் வருகின்றன. அதே உறைக்குள் அவளுக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். முதலில் இதைப் படி.

விஷயம் ஒன்றுதான். அந்தப் படங்களை வேண்டாம் என்று சொல்லிவிடு.

மனம் நோகாமல் சொல். "நல்லாத்தான் இருக்கு பாப்பா, காலண்டருக்குத்தான் சரியா வராது" என்பதுபோல. இன்சூரன்ஸ் ஆபீஸில் அவளுக்கு ஒரு மேசை இருக்கிறது. ஜன்னலோரம். தலைக்கு நேர் மேலே மின்விசிறி. அப்படி ஓர் இடம் என் வாழ்நாளில் எனக்கு வாய்த்ததில்லை. மாமா படங்களை வாங்கிக்கொண்டால் ராஜினாமா, வாங்காவிட்டால் லீவு முடிந்து அதே மேசை. இது அவளே சொன்னது. ஆக, அந்த மேசை இப்போது உன் கையில்.

நடந்ததைச் சொல்கிறேன். நீயே முடிவு செய்.

அன்று நீ கூப்பிட்டபோது அவள் வீட்டில் இல்லை. நான்தான் எடுத்தேன். "அத்தான், பாப்பாகிட்ட சொல்லிடுங்க, காலண்டருக்கு ஆறு படம் வேணும், பளிச்சுனு இருக்கணும்" என்றாய். வைத்துவிட்டாய். நான் பத்திரிகையில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன். வந்ததை ஒரு புள்ளி கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பிப்பேன். சேர்ப்பித்தேன். "மாமாவுக்கு ஆறு படம் வேணுமாம். கடல் கேக்கல. மிருகம் கேக்கல. ஆறு." அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சரிப்பா" என்றாள். நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். ஓய்வு பெற்றபின் நான் வாசலைத் தாண்டியதே இல்லை என்று உன் அக்கா சொல்வது மிகை. பால் பாக்கெட் வாங்கப் போயிருக்கிறேன்.

முதல் ஆற்றிலேயே செருப்பு போனது. காமிராவுக்கு வெயில் படாமல் குடை பிடிக்கலாம் என்று ஒரு கல்லில் கால் வைத்தேன். கல்லுக்கு அதில் விருப்பமில்லை. செருப்பு முன்னால் போயிற்று, நான் பின்னால் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்க்கிறேன், உன் மருமகள் கரையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, அப்படியே அசையாம இருங்க" என்கிறாள். பாசம் என்று நினைத்தேன். வெளிச்சமாம்.

வாடகைக்கு எடுத்த வேனின் டிரைவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. முதல் நாள் பாட்டுப் போட்டார், பேசினார், "கடல் பக்கத்துலதான் சார், எல்லாரும் அங்கதான் போவாங்க, சரணாலயம் இருக்கு, மான் இருக்கு, போலாமா" என்றார். நான் வேண்டாம், ஆற்றுக்கே போங்கள் என்றேன். மறுபடி ஓர் ஆறு. இறங்கினோம், பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம், ஏறினோம், அடுத்த ஆறு என்றேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டார். மூன்றாவது ஆற்றங்கரையில் எனக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஆத்தோட போனது யாருங்க?"

"செருப்பு" என்றேன்.

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து என்னைக் கைபிடித்து வேனில் ஏற்றுகிறார்.

அப்புறம் கழிமுகம். ஆறு கடலில் சேரும் இடம். எதுவரை ஆறு, எங்கிருந்து கடல் என்று எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். அவள் காமிரா கடல் பக்கமே சாய்கிறது. நான் குந்தி உட்கார்ந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். "இங்க கரிக்குது. இதுக்கு அந்தப் பக்கம் எடுக்காதே" என்று குடைக்கம்பியால் மணலில் கோடு போட்டேன். அலை வந்து கோட்டைக் கொண்டுபோயிற்று. மறுபடி குடித்துப் பார்த்து மறுபடி போட்டேன். இப்படியே சாயங்காலம்வரை. இரவு வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. உன் அக்காவிடம் போனில் சொன்னேன். "தண்ணி நம்ம வீட்டுக் குழாய்லயும்தான் வருது, அதை எடுத்திருக்கலாமே" என்று வைத்துவிட்டாள். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் போனில் பொறுமை கிடையாது.

மான் விஷயம் சுருக்கமாக. ஓர் ஓடையில் மான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. நீ மான் கேட்கவில்லை. குடையை விரித்து ஆட்டித் துரத்திவிட்டேன். நீர்நாய்க் குடும்பம் ஒன்று பாறையில் வந்து உட்கார்ந்தது. அதையும் அதட்டினேன். அது என்னைத் திருப்பி அதட்டியது.

நேற்று நடந்ததற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரு படகு பேசிக்கொண்டு ஆற்றின் வளைவுக்குப் போனோம். பாப்பா இறங்கிக் கரையில், நாணல் ஓரமாக, மண்டியிட்டு உட்கார்ந்தாள். நானும் படகுக்காரரும் படகிலேயே. கொஞ்ச நேரம் கழித்து அவர் என் தோளைத் தொட்டார்.

"அய்யா. படம் எடுக்குது."

பார்த்தேன். கண்ணில் காமிராவோடு பாப்பா. இதில் என்ன புதிது?

"எடுக்கட்டும்பா. அதுக்குத்தானே வந்திருக்கு."

"இல்லைங்கய்யா. நிஜமாவே எடுக்குது."

"நிஜமா எடுக்காம விளையாட்டுக்கா எடுக்கும்?"

"நாம எதுவும் பண்ண வேணாமா?"

"சத்தம் போடாம இருந்தா போதும். நடுவுல தொந்தரவு பண்ணினா அதுக்குக் கோபம் வரும்."

"அது சரிதான்" என்றார். குரலில் பெரிய மரியாதை. பிறகு, "எம்மாம் நீளம் பாருங்க" என்றார்.

"அம்மா வழி" என்றேன். "அந்தப் பக்கம் எல்லாருமே உயரம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் விரல் காட்டிய இடத்தை அப்போதுதான் பார்த்தேன்.

நாணலுக்கு நடுவே நிமிர்ந்து நின்றது. அவள் முழங்காலிலிருந்து நான்கு முழம். பாம்பு அவளைப் பார்த்துப் படம் எடுக்கிறது. அவள் பாம்பைப் பார்த்துப் படம் எடுக்கிறாள். இரண்டுக்கும் அவசரமில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பெயர் நினைவுக்கு வரவில்லை. நானே வைத்த பெயர்.

பிறகு அது தலையைத் தாழ்த்தித் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது. அவள் காமிராவை இறக்கி எழுந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஏழாம் வயதில் சைக்கிளில் முதன்முதலாகத் தானே மிதித்துப் போனபோது இருந்த அதே முகம். "அப்பா, பார்த்தீங்களா?"

நான் படகின் அடியில் உட்கார்ந்திருந்தேன். "ஆறுதானே எடுக்கச் சொன்னேன்" என்றேன்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மேசைக்கு அடியில் பாம்பு கிடையாது. நான் கேட்பது அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிடு. பழி உன்மேல் இருக்கட்டும், நீ தாங்குவாய்.

உன் தொழில் பெருகவும், மை காயாமலும் தாள் கசங்காமலும் இருக்கவும் என் ஆசிகள். வீட்டில் எல்லோருக்கும் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டுக் கீழே வரவேற்பறைக்குப் போனேன். சுவரில் காலண்டர். அடியில் உன் அச்சகத்தின் பெயர். இரண்டு மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு படம். அருவி. கடற்கரை. யானை. புரட்டிக்கொண்டே போனேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

வரவேற்பு மேசைப் பெண், "என்ன சார், லீவு எத்தனை நாள்னு பாக்கறீங்களா?" என்றாள்.

"ஆறு" என்றேன்.

"ஆறு அந்தப் பக்கம் சார். பாலத்துக்குக் கீழ."

அவளும் என்னைப் போலத்தான். எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை, சொல் சுத்தம். படித்தவன்தான் பிழை.

மேலே வந்து பாப்பாவிடம் சொன்னேன். அவள் ஷூவைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்பா" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"நீங்க சொன்னப்பவே. சின்ன வயசுலேர்ந்து மாமா காலண்டர் பாக்கறேன்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க அதுக்குள்ள குடையை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னுட்டிருந்தீங்க."

பிறகு காமிராவில் காட்டினாள். ஆறே ஆறு படம் பொறுக்கியிருக்கிறாள். ஆற்று நடுவே வெயிலில் தனியாகப் போகும் ஒரு செருப்பு. கழிமுகத்தில் முழுக் கடல், அதன் ஓரத்தில் எறும்பு அளவில் குந்தித் தண்ணீர் ருசி பார்க்கும் ஒருவன். கால் நான்கும் தரையில் படாமல் அந்தரத்தில் ஒரு மான். அது ஏன் அப்படிக் குதித்தது என்பது உனக்குத் தெரியும். என்னை அதட்டும் நீர்நாய். கொக்குகள். கடைசியில், நிமிர்ந்து நிற்கும் அது. உற்றுப் பார்த்தால் பின்னால் மங்கலாக ஒரு படகும், அதில் வாய் திறந்தபடி ஒரு தகப்பனும் தெரியும். தயவுசெய்து அவனை வெட்டாதே.

திரும்ப எழுத நேரமில்லை, கூரியர்க்காரர் கீழே நிற்கிறார். "விஷயம் ஒன்றுதான்" என்பதிலிருந்து ஆசிகளுக்கு மேல்வரை எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். நம் தொழில் வழக்கம் உனக்குத் தெரியும். அடித்த வரி வேண்டும் என்றால் அதன் கீழே புள்ளி வைப்போம், 'இருக்கட்டும்' என்று பொருள். ஒரே ஒரு வரிக்குக் கீழே வைத்திருக்கிறேன். படகில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் நான் சொன்ன வரி.

"எடுக்கட்டும்பா. அதுக்குத்தானே வந்திருக்கு."